அடி வாங்கும் துண்டு

மதுரையிலிருந்து மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் சாலையின் இருபுறமும் புளியமரங்கள் நின்றன. சாலை அகலமாக அகலமாக அவற்றில் பல போய்விட்டன. மிச்சமிருப்பவற்றில் பட்டுப்போனதையோ, பொந்து விழுந்து ஆபத்தாக நிற்பதையோ வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், முதிர்ந்த புளியைச் சாய்ப்பது லேசான வேலையில்லை. ஒருவர் மேலே ஏறிக் கிளைகளைக் கழிப்பார். உச்சிக்கு அருகே வடக்கயிற்றைக் கட்டி, விழவேண்டிய திசையில் நாலைந்து பேர் இழுத்துப் பிடித்து நிற்பார்கள். கீழே செயின் சா என்கிற இயந்திர இரம்பம் அடிமரத்துக்குள் போகும்.

சிக்கல் பாதி வெட்டில்தான் வரும். மரம் லேசாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தாலும், அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறினாலும், பல டன் எடை அப்படியே பின்னால் உட்கார்ந்துவிடும். அறுத்த பிளவு மூடிக்கொள்ளும். இரம்பம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இனி மரம் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி நடக்காமல் காப்பது ஒரு சின்ன ஆப்பு.

மரம் சாய்ப்பதில் கவனிக்க வேண்டியவை மூன்று. விழவேண்டிய பக்கத்தில் முக்கோணமாக ஒரு துண்டை எடுத்துவிடுவார்கள். பிறகு எதிர்ப்புறத்திலிருந்து நேராக அறுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டும் சந்திக்கும் முன்பே நிறுத்தி, நடுவில் மரத்தின் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு பட்டையை அறுக்காமல் விடுவார்கள். கதவுக்குக் கீல் செய்யும் வேலையைச் சாயும் மரத்துக்கு இந்தப் பட்டை செய்கிறது. பின்வெட்டில் இரம்பத்துக்குப் பின்னால் ஆப்பை நுழைத்து அடித்தால் இரண்டு நன்மை: பிளவு மூடாது, மரமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாயும். 15 மீட்டர் உயர மரம், கீலுக்கும் ஆப்புக்கும் இடையே 60 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 25. ஆப்பு அடியில் 2 சென்டிமீட்டர் தூக்கினால் உச்சி 50 சென்டிமீட்டர் நகரும். எடையின் மையம் கீலைத் தாண்டிவிட்டால் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதையடுத்து தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றினார்களே, அங்கே ஆப்புக்கு வேலையே இல்லை. ஜேசிபி தூரோடு பெயர்த்துவிடும். தென்னை வேறு ரகம். அதற்கு ஆண்டு வளையமும் கிடையாது, நடுவில் வைரமும் கிடையாது. வெளிச்சுற்று கெட்டி, நடு பஞ்சு. அடித்த ஆப்பு மரத்தைத் தூக்குவதற்குப் பதிலாக உள்ளேயே புதையும். புளி, வேம்பு, வாகை, மருதம் என்று அடர்ந்த கட்டை உள்ள மரங்களில்தான் ஆப்பு தன் பலத்தைக் காட்டும்.

அந்தப் பலம் எவ்வளவு? 20 சென்டிமீட்டர் நீளம், தடித்த முனையில் 2.5 சென்டிமீட்டர் கனம் உள்ள ஆப்பு, ஏட்டுக் கணக்கில் கொடுத்த விசையை 8 மடங்காக்க வேண்டும். நடைமுறையில் மேல்முகம், கீழ்முகம் இரண்டிலும் மரம் உரசுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தாலே 8 மடங்கு ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். இது பெரிய நஷ்டமாகத் தோன்றலாம். ஆனால் அதே உராய்வுதான் அடித்த ஆப்பு வழுக்கி வெளியே வராமல் பிடித்துவைக்கிறது. உராய்வு இல்லாத ஆப்பை மரம் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வெளியே துப்பிவிடும். ஆக, தள்ளி நகர்த்த முடியாத ஆப்பை அடித்துத்தான் நகர்த்த வேண்டும்.

அடி என்பது தள்ளுவதிலிருந்து முழுக்க வேறு. 1.5 கிலோ சம்மட்டி வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்து விழுந்தால் அதன் இயக்க ஆற்றல் 48 ஜூல். அது 2 மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை 24,000 நியூட்டன்; ஏறத்தாழ இரண்டரை டன் எடை ஒரு நொடியின் சிறு துணுக்குக்கு மேலே உட்கார்ந்த கணக்கு. அதே சம்மட்டி 6 மில்லிமீட்டர் நகர்ந்து நின்றால் விசை 8,000 நியூட்டனாகக் குறைந்துவிடும். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அடிபடும் இடத்தில் என்ன பொருள் இருக்கிறது என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

அந்த இடத்தில் இரும்பு இருந்தால் விசை முழுசாகக் கிடைக்கும். ஆனால் மரம் வெட்டும் இடத்தில் இரும்பு ஆப்பு ஆகாது. செயின் சாவின் சங்கிலி முழு வேகத்தில் வினாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பல் இரும்பில் பட்டால் பல் முறியும், சங்கிலி அறுந்து ஆள்மேல் பாயவும் கூடும். இன்னொரு ஆபத்து மெதுவாக வளர்வது. இரும்பை இரும்பால் அடிக்க அடிக்க அதன் தலை விரிந்து ஓரம் மடங்கும். மடங்கிய ஓரம் ஒருநாள் சில்லாகத் தெறிக்கும். மேலூர்ப் பக்கம் கருங்கல் உடைப்பவர்களின் உளித்தலையைப் பார்த்தால் இந்த மடங்கிய ஓரம் தெரியும். அதைச் சாணைபிடித்துத் தேய்த்துவிடாமல் வேலை செய்வது கண்ணைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளின் காட்டுத் தொழிலாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். ஆப்பின் உடல் அலுமினியம். சங்கிலி தவறிப் பட்டாலும் இரும்பளவுக்குச் சேதம் செய்யாது. உடலின் பின்புறம் உள்ளீடற்ற ஒரு குழி. அந்தக் குழிக்குள் கெட்டியான மரத்துண்டைச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் தலையில் ஓர் இரும்பு வளையத்தைப் போட்டுவிடுவார்கள். சம்மட்டி மரத்தில் விழும். மரம் அடியை அலுமினியத்துக்குக் கொடுக்கும். உலக்கைக்கும் உளிப் பிடிக்கும் பூண் போட்டுப் பழகிய கைகளுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியாது. மரம் பிளந்து விரியாமல் பூண் இறுக்கிப் பிடிக்கிறது. நசுங்குவதை மட்டும் மரத்துக்கு விட்டுவிடுகிறது. கடைசியில் நைந்துபோவது காசு பெறாத மரத்துண்டு. விலை கொடுத்து வாங்கிய உலோகம் தப்பித்துவிடும்.

மரம் இந்த வேலைக்கு ஏற்றதாக இருப்பதற்கு அதன் உள்ளமைப்பு காரணம். நூற்றுக்கணக்கான உறிஞ்சுகுழல்களைச் சேர்த்துக் கட்டி நிறுத்தியது போன்றது மரம். குழல்களின் வாயில் அடித்தால் தாங்கும். பக்கவாட்டில் அழுத்தினால் நசுங்கும். இரண்டு குழல்களுக்கு நடுவே ஒரு கூர்முனை போனால் கட்டு பிரியும். நார்களின் திசையில் மரத்தின் தாங்கும் திறன், குறுக்குத் திசையில் உள்ளதைவிடப் பல மடங்கு. மதுரைக் கறிக்கடைகளில் புளிய அடிமரத்தைக் குறுக்கே அறுத்துக் கட்டையாகப் போட்டிருப்பார்கள். கத்தி நார்களின் வாயில் இறங்கி அவற்றை ஒதுக்கிவிட்டு வெளியே வரும், கட்டை பிளப்பதில்லை. அதே புளியை நீளவாக்குப் பலகையாகப் போட்டிருந்தால் எலும்பு வெட்டும் கத்திக்குச் சிராய் சிராயாகப் பெயர்ந்திருக்கும். ஆப்பின் செருகு துண்டையும் நார்கள் சம்மட்டியைப் பார்த்து நிற்கும்படிதான் வெட்ட வேண்டும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த துண்டைக் குறுக்கு நாராகச் செருகியவர்களுக்கு அது சில அடிகளிலேயே உடைந்து கையில் வரும்.

சரியாக வெட்டிய துண்டும் உடையத்தான் செய்கிறது. அடியைவிடப் பெரிய எதிரி ஈரம். ஒரு மரத்துண்டு, ஏறக்குறைய 30 சதவீத ஈரப்பதம் வரை தண்ணீரைத் தன் நார்ச்சுவர்களுக்குள்ளேயே பிடித்துவைக்கும். அந்த அளவுக்குக் கீழே காயத் தொடங்கியதும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. குறுக்கே உண்டு, அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்த துண்டு காய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடும்.

மதுரைச் சமவெளிக்கு இந்த விஷயத்தில் இரக்கமே கிடையாது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரம் இருக்காது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அதே மரம் ஊறி உப்பும். கோடையில் மம்பட்டியின் கணை ஆடத் தொடங்கினால் கிராமத்தில் என்ன செய்வார்கள்? வேலைக்குப் போவதற்கு முன்னால் மம்பட்டியைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். கணை உப்பி இரும்பின் காதில் இறுகிக்கொள்ளும். அது அன்றைய வேலைக்குத் தாங்கும். ஆனால் இரும்பு விரிந்து கொடுக்காததால், உப்பிய மரத்தின் ஓர நார்கள் தங்களுக்குள்ளேயே நசுங்கிப்போகின்றன. அடுத்த தடவை காயும்போது கணை முன்பைவிட அதிகமாகச் சுருங்கும், அதிகமாக ஆடும். பிறகு சைக்கிள் டியூப் துண்டு, தகரம், மரச் சிம்பு என்று எதையாவது திணிப்பார்கள். மரச்செருகு கொண்ட ஆப்புக்கும் இதே கதிதான். காய்ந்து தளர்ந்த துண்டு குழிக்குள் ஆடும். ஆடும் துண்டின் மேல் அடி நேராக விழாது. சாய்ந்து விழுந்த ஓர் அடியில் பூணுக்குக் கீழே நார் பிரிந்துவிடும்.

பிளாஸ்டிக் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். அடி வாங்கும் துண்டைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றும் வேலையை மதுரைக்காரர்கள் இன்னொரு தொழிலில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். மதுரை செல்லூரின் விசைத்தறிகளில் ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பறக்க வேண்டும். அதை அடித்து அனுப்புவதும், வந்து மோதுவதைத் தாங்கிக்கொள்வதும் பிக்கர் என்கிற சிறிய கட்டி. நிமிடத்துக்கு 120 ஊடை ஓடும் தறியில் மணிக்கு 7,200 தடவை இந்த அடி நடக்கிறது. முன்பு பிக்கரை எருமைத்தோலில் செய்து, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினார்கள். தோலும் காயும், இறுகும், வெடிக்கும். இன்று பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது நைலான் பிக்கர்தான். மில்லிமீட்டர் அளவில் அழுந்தி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பி, அடுத்த அடிக்குத் தயாராகும் குணம் அவற்றுக்கு இருக்கிறது.

இரண்டு பிளாஸ்டிக்குகளின் பிறப்பும் சுவையானது. பாலிஎத்திலீன் 1933-இல் இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் வேறு ஏதோ ஒரு வினைக்காக வாயுவை உயர் அழுத்தத்தில் வைத்தபோது, பாத்திரத்தில் மெழுகாகப் படிந்திருந்தது. அடர்த்தி கூடிய, கெட்டியான வகையை 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே செய்து காட்டினார்; நம் வீட்டில் புழங்கும் கெட்டியான பிளாஸ்டிக் கேன்கள் பல அந்த வழியில் வந்தவை. நைலானை 1935-இல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு திட்டமிட்டே உருவாக்கியது. இரண்டிலும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. மரத்தில் நார்கள் ஒரே திசையில் ஓடுவதால் பிளப்பதற்கு வழி இருக்கிறது. வார்த்தெடுத்த கெட்டிப் பிளாஸ்டிக்கில் அப்படி ஒரு திசை ஓட்டம் அநேகமாக இல்லை. விரிசல் ஓடுவதற்குத் தயாரான பாதையும் இல்லை.

லேத் பட்டறையில் நைலான் ராடு கேட்டால் அளவுக்கு வெட்டிக் கடைந்து கொடுப்பார்கள். உடைந்த மரச்செருகை மாற்றுவது அதிலிருந்து தொடங்கும். பழைய துண்டை உளியால் நோண்டினால் அலுமினியச் சுவர் கீறும். இரண்டு மூன்று நாள் மதுரை வெயிலில் போட்டால் மரம் தானே சுருங்கித் தளரும். இல்லாவிட்டால் நடுவில் துளையிட்டுப் பிளந்து எடுக்கலாம். புதிய துண்டு குழியின் அடி வரை இறங்கி முழுப் பரப்பிலும் உட்கார வேண்டும். அடியில் இடைவெளி விட்டு, பக்கச் சுவரில் மட்டும் கவ்வி நின்றால், ஒவ்வோர் அடியும் அந்தச் சுவரைப் பிளக்கும் ஆப்பாக அந்தத் துண்டையே மாற்றிவிடும். மேல்முனை உலோக விளிம்பைத் தாண்டி நன்றாக வெளியே நிற்க வேண்டும். அதன் ஓரத்தைச் சரிவாகச் சீவிவிடுவதும் அவசியம். கூர் ஓரம்தான் முதலில் பெயரும்.

விட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் அலுமினியத்தைவிடப் பல மடங்கு விரியும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாலிஎத்திலீன் துண்டு, 30 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் பருக்கும். நிழலில் இறுக்கமாகச் செருகியது வேன் மேல் கிடந்து காய்ந்தால் உலோகக் குழியை உள்ளிருந்து நெருக்கும். நைலானோ காற்றின் ஈரத்தையும் குடித்துக் கொஞ்சம் உப்பும். அந்த ஈரம் நைலானுக்கு ஒரு நன்மையும் செய்கிறது: முற்றிலும் காய்ந்த நைலான் அடிக்கு வெடிக்கும், ஈரம் ஏறியது வளைந்து கொடுக்கும். தண்ணீரால் கெட்டுப்போகும் மரத்தின் இடத்துக்குத் தண்ணீரால் அடி தாங்கும் குணம் பெறும் ஒரு பொருள் வருகிறது என்பது இந்த மாற்றத்தின் மிக அழகான பகுதி.

மென்மையாக இருந்தால் நல்லதுதானே என்று ரப்பரைச் செருகினால் வேலை கெடும். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆப்பு நகர்வதற்கு உராய்வைத் தாண்டும் அளவுக்கு ஒரு விசை, கணநேரமாவது வர வேண்டும். ரப்பர் அந்த விசையை நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடும். உச்சம் உராய்வின் அளவை எட்டாது. சம்மட்டி துள்ளும், ஆப்பு அசையாது, அடிப்பவர் தோள்தான் வலிக்கும். நல்ல செருகு துண்டு, உலோகம் சிதறாத அளவுக்கு மென்மையாகவும், ஆப்பு நகரும் அளவுக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். முதிர்ந்த புளியும் கருவேலும் நைலானும் அந்தக் குறுகிய வரம்புக்குள் வருகின்றன.

மதுரையில் பிளாஸ்டிக் பற்றிப் பேசும்போது தியாகராசர் பொறியியல் கல்லூரி நினைவுக்கு வராமல் போகாது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த இராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூச்சாகப் படியவைத்துத் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டறிந்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அப்படியானால் கழிவுப் பிளாஸ்டிக்கை உருக்கி ஆப்புக்கும் துண்டு வார்க்கலாமா? சாலையில் கல்தான் பாரத்தைத் தாங்குகிறது. பிளாஸ்டிக் மெல்லிய பூச்சாகக் கல்லையும் தாரையும் பிணைக்கிறது. ஆப்பின் துண்டிலோ பிளாஸ்டிக் தனியாக நின்று அடி வாங்க வேண்டும். பையும் பாட்டிலும் கப்பும் கலந்து உருக்கினால் அவை ஒன்றோடொன்று உண்மையில் கலப்பதில்லை. எல்லைக்கோடுகளில் விரிசல் விடும். ஒரே வகைக் கேன்களை மட்டும் பிரித்து, கழுவி, காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி வார்த்தால் பயன்படும். கலப்படத் துண்டைச் சம்மட்டிக்கு முன்னால் வைக்கக் கூடாது.

பிளாஸ்டிக் வரக் கூடாத ஆப்பும் இதே ஊரில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளைச் சுற்றிவரும் தேரின் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுகிறவர்கள், ஓடும் சக்கரத்துக்கு ஓரிரு அடி தள்ளி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். சக்கரம் கட்டையின் மேல் ஏறி அதை நசுக்குவதில்தான் தேரின் வேகம் கரைகிறது. கட்டை சாலையைப் பற்றிக்கொள்ளவும் வேண்டும். வழவழப்பான பாலிஎத்திலீன் அங்கே சறுக்கிக்கொண்டு போய்விடும். நசுங்குவதற்குப் பதிலாகத் துள்ளித் தெறிக்கவும் கூடும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், தேரைத் திருப்பவும் நேர்ப்படுத்தவும் முட்டுக்கட்டை தேவைப்படுகிறது. நசுங்கிக் கூழான கட்டையை அங்கே யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

மரச்செருகின் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. அது உடைந்தால் சிராய் அங்கேயே விழுந்து மக்கிவிடும். புதிய துண்டை அப்போதுதான் கழித்த கிளையிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம். பச்சை மரம் சீக்கிரம் சுருங்கும் என்றாலும் அன்றைக்குப் போதும். பிளாஸ்டிக் சில்லு மண்ணில் கிடந்து வெயிலில் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாகி அங்கேயே இருக்கும். கண்மாய்க் கரையிலும் வயலோரத்திலும் மரம் வெட்டும்போது அந்தத் துகள் எங்கே போய்ச் சேரும் என்பது தெரிந்ததே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் நைலான் துண்டு அந்தத் தடைக்குள் வராது. ஆனால் விரிசல் விட்ட பிறகும் அதையே வைத்து அடித்துத் தூளாக்குவது, தடையின் நோக்கத்துக்கு எதிரானதுதான்.

முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்த ஆப்புகளைக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சிலும் மஞ்சளிலும் வார்க்கிறார்கள். மரத்தூளிலும் சருகிலும் தொலையாமல் இருக்க. பட்டறையில் கடைந்த வெள்ளை நைலான் துண்டுக்கும் ஒரு கோடு பெயிண்ட் அடித்து வைப்பது நல்லது. ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் துண்டின் தலையை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தால், வெளுத்த கோடுகள் தெரிகின்றனவா, பூண் தளர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வெயிலில் அதிகம் கிடந்த பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு சுண்ணாம்பு படிந்ததாக வெளுக்கும். அதன் பிறகு அது வளையாது, சிதறும். அப்படிப்பட்டதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாற்றுத் துண்டைச் செருகிய பிறகு இரம்பத்தை ஓட்டலாம்.